எட்டாம் வகுப்புக்கு ஒரு மரப்பெட்டி

புனேயின் ஔந்த் பகுதியில் இந்தியக் கல்வியின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒரு பக்கம் சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகம். அதே வளாகத்தில் வானியல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற அயூகா. இன்னொரு பக்கம் மகாராஷ்டிர அரசின் தொழிற்பயிற்சி நிலையம் (ஐடிஐ). நடுவில், ஹிஞ்சவடியிலும் பாணேரிலும் கணினித் துறையில் வேலை பார்ப்பவர்கள் பெருங்கட்டணம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கும் தனியார் பள்ளிகள். ஐடிஐ பட்டறையில் அரம் பிடிக்கும் பதினேழு வயதுப் பையனும், அதே சாலையில் பள்ளி வேனில் போகும் பதின்மூன்று வயதுப் பெண்ணும் ஒரே மேசையில் நின்று வேலை செய்ய நம் கல்வி முறையில் இடமே இல்லை. இந்தப் பிரிவினை இயற்கையானது அல்ல, நாம் ஏற்படுத்தியது. இதை உடைக்க ஒரு சிறிய, உருப்படியான வழி இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும், சாதி, பால், கட்டணம் என்ற எந்த வேறுபாடும் இல்லாமல், கீல் வைத்த மூடியுள்ள ஒரு மரப்பெட்டியைத் தன் கையால் முழுதாகச் செய்து முடிக்க வேண்டும். அது கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். அதைத் தொடங்க வேண்டிய இடம், ஔந்த் போன்ற வசதியான பகுதிகளின் பள்ளிகள்.

ஏன் பெட்டி என்று கேட்கலாம். நான்கு கால் ஸ்டூல் செய்யலாம், அலமாரித் தட்டு செய்யலாம். ஆனால் ஸ்டூல் ஆடினால் ஒரு காலின் அடியில் மடித்த காகிதத்தைச் செருகிச் சமாளித்துவிடலாம். தட்டு கோணலாக இருந்தால் அதன்மேல் புத்தகத்தை அடுக்கி மறைத்துவிடலாம். மூடியுள்ள பெட்டியில் அது நடக்காது. அளவெடுத்ததில் வந்த பிழை, அறுத்ததில் வந்த பிழை, ஒட்டியதில் வந்த பிழை எல்லாம் ஒன்றுசேர்ந்து கடைசியில் மூடியில் வந்து நிற்கும். மூடி சரியாக உட்கார்கிறதா, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்பதைப் பார்த்தவுடன் பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஆசிரியர் வந்து சொல்லத் தேவையில்லை. இவ்வளவு நேர்மையான தேர்வுத்தாள் நம் பள்ளிகளில் வேறு இல்லை. அதற்கு விடைக்குறிப்பு கிடையாது, கருணை மதிப்பெண் கிடையாது, டியூஷனும் கிடையாது.

உள்ளே இருக்கும் பாடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பெட்டியின் வெளி அளவு 320 மில்லிமீட்டர் நீளம், 240 மில்லிமீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கப் பலகைகளையும் பசை போட்டு இறுக்கும்போது சட்டம் செவ்வகமாக இருக்கிறதா, சாய்ந்த இணைகரமாகிவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது. மூலைக்கு மூலை டேப்பைப் பிடித்தால் இரண்டு குறுக்களவும் 400 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். 320-இன் வர்க்கத்தையும் 240-இன் வர்க்கத்தையும் கூட்டினால் 400-இன் வர்க்கம். கரும்பலகையில் மூன்றும் நான்கும் ஐந்துமாக மனப்பாடம் செய்த பிதாகரஸ் தேற்றம் இங்கே பசை காய்வதற்குள் பயன்பட்டாக வேண்டும். ஒரு குறுக்களவு 402, மற்றொன்று 398 என்று வந்தால், நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் அழுத்தி நேராக்க வேண்டும். தேற்றம் எதற்கு என்று எந்தப் பிள்ளையும் அதன் பிறகு கேட்காது.

மூடி செய்வதில் தச்சர்களிடம் பழைய முறை ஒன்று உண்டு. பெட்டியையும் மூடியையும் தனித்தனியாகச் செய்து பொருத்தப் போராடுவதில்லை. ஆறு பக்கமும் அடைத்த முழுப் பெட்டியாகவே செய்து, பசை காய்ந்த பிறகு மேலிருந்து 40 மில்லிமீட்டரில் சுற்றிலும் கோடு போட்டு அறுத்து மூடியைப் பிரித்தெடுப்பார்கள். அதனால் மூடியும் பெட்டியும் ஒரே அளவில், மரத்தின் ரேகை தொடர்ந்து ஓட அமைந்துவிடும். ஆனால் அறுக்கும் ரம்பம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கித் தின்றுவிடும். அதை முதல் அளவிலேயே சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்து கீல். பின்பக்கத்தில் 200 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பித்தளைக் கீல்கள். மூடியிலும் பெட்டியிலும் உளியால் பள்ளம் வெட்டி அவற்றை உட்கார வைக்க வேண்டும். ஒரு கீலின் பள்ளம் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டால், மூடியின் முன்விளிம்பு 1.2 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து நிற்கும். பித்தளைத் திருகாணி மென்மையானது. நேரடியாக முறுக்கினால் தலை உடைந்து மரத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால் சிறு துளை போட்டு, முதலில் இரும்புத் திருகாணியை முறுக்கி வழி ஏற்படுத்தி, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையைப் போட வேண்டும். பொறுமை என்பது அறிவுரையாக இல்லாமல் வேலையின் ஒரு படியாகவே பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் இது.

மரம் உயிரற்ற பொருள் என்று நினைப்பவர்களுக்குப் புனேயின் பருவங்கள் வேறு பாடம் சொல்லும். ஏப்ரலில் அங்கே காற்று வறண்டு கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் ஊறும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. ஆனால் ரேகைக்குக் குறுக்கே, அதாவது அகலவாக்கில், ஈரத்தை வாங்கி உப்பும், காய்ந்தால் சுருங்கும். 240 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே பலகை மழைக்காலத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்கூட அகன்றுவிடலாம். அடிப்பலகையை நான்கு பக்கமும் பசை போட்டு இறுக்கி வைத்தவரின் பெட்டி வெடிக்கும், அல்லது மூலை பிரியும். பலகைக்குக் காடி வெட்டி, அசைய இடம் விட்டு உட்காரவைத்தவரின் பெட்டி தாங்கும். ஒட்டுப்பலகையைப் போட்டாலும் தாங்கும், ஏனென்றால் அதில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. கோடையில் செய்த பெட்டியை ஆடியில் திறந்து பார்க்கச் சொல்லும் ஒரு பள்ளி, பொருளின் இயல்பு, பருவநிலை, அளவீடு மூன்றையும் ஒரே கேள்வியில் கற்றுக்கொடுத்துவிடும்.

இது புதிய எண்ணம் அல்ல. பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் 1866-இல் மக்கள் பள்ளிகளில் கைவேலையைப் பாடமாக்கினார். அவரிடமிருந்து கற்றுக்கொண்ட ஓட்டோ சாலமன், ஸ்வீடனின் நேஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை நடத்தினார். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்ப் படித்துத் திரும்பினார்கள். ஸ்லாய்ட் என்று பெயர்பெற்ற அந்த முறையின் விதிகள் தெளிவானவை. நோக்கம் தச்சர்களை உருவாக்குவது அல்ல, பொதுக்கல்வி. செய்யும் பொருள் வீட்டில் பயன்பட வேண்டும். எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு பொருளையும் பிள்ளை தனியாக, தொடக்கம் முதல் முடிவுவரை செய்ய வேண்டும். கற்பிப்பவர் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் பின்லாந்து இதைக் கைவிடவில்லை. 2014-இல் வகுக்கப்பட்ட அதன் தேசியப் பாடத்திட்டத்தில் மரவேலையும் துணிவேலையும் சேர்ந்து ஒரே பாடமாக, ஆண் பெண் வேறுபாடின்றி ஏழாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. கைப்பேசித் தொழிலில் உலகையே ஒரு காலத்தில் முந்திய நாடு, தன் பிள்ளைகளின் கையிலிருந்து ரம்பத்தைப் பிடுங்கவில்லை.

நம் நாட்டிலும் இது பேசப்பட்டது. 1937 அக்டோபரில் காந்தி வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, ஒரு கைத்தொழிலை மையமாக வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. அந்தக் குழுவில் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவும் இருந்தார்கள் என்பது தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. இருந்தும் திட்டம் வேரூன்றவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் என்று நான் கருதுகிறேன். பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளியின் செலவை ஈடுகட்டலாம் என்ற எதிர்பார்ப்பு முதல் காரணம். பிள்ளையின் உழைப்பு வருமானக் கணக்கில் ஏறிய உடனே வகுப்பறை பட்டறையாகிவிடுகிறது. பிழை செய்து பழகும் உரிமை போய்விடுகிறது. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஆதாரப் பள்ளி கிராமத்துப் பிள்ளைக்கு என்று ஆனது. நகரத்து ஆங்கிலப் பள்ளியின் மதில் சுவரை அது தாண்டவே இல்லை. தன் பிள்ளையை ராட்டையின் முன் உட்கார வைக்காத அதிகாரி, ஊரான் பிள்ளைக்கு ராட்டையைப் பரிந்துரைத்தார். மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். அதன் பின் 1964-66-இன் கோத்தாரி ஆணையம் பணி அனுபவம் வேண்டும் என்றது. 1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழு சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி என்றது. இரண்டும் பல பள்ளிகளில் சார்ட் தாள் ஒட்டுவதாகவும், கடையில் வாங்கி வந்ததைக் காட்டி மதிப்பெண் பெறுவதாகவும் சுருங்கின.

புனேயைச் சுற்றியே நம்பிக்கை தரும் சான்றுகளும் இருக்கின்றன. புனே மாவட்டத்தின் பாபல் கிராமத்தில் 1983-இல் விஞ்ஞான ஆசிரமத்தைத் தொடங்கிய ஸ்ரீநாத் கல்பாக், இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த உணவுத் தொழில்நுட்ப அறிஞர். அவர் உருவாக்கிய அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகப் பாடத்தில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் உலோகம், மரம், மின்சாரம், பயிர், சமையல், உடல்நலம் என்று பல வேலைகளையும் செய்து பழகுகிறார்கள். ஒரே தொழிலில் பிள்ளையைக் கட்டிப்போடாததும், ஊரார் உண்மையிலேயே கேட்கும் வேலையை எடுத்துச் செய்ய வைப்பதும் அதன் பலம். ஔந்துக்குப் பக்கத்திலேயே, அயூகாவின் முக்தாங்கண் அறிவியல் மையத்தில், கான்பூர் ஐஐடி-யில் படித்த அரவிந்த் குப்தா பத்தாண்டுக்கும் மேலாகத் தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் ஆகியவற்றிலிருந்து பொம்மைகள் செய்து அறிவியல் கற்பித்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஔந்த் சாலையில் உள்ள ஸ்பைசர் கல்வி நிறுவனமும் இங்கே குறிப்பிடத்தக்கது. அது 1915-இல் நம் கோயம்புத்தூரில் தொடங்கி, பெங்களூரு போய், 1942-இல் புனேக்கு வந்தது. படிப்போடு உடலுழைப்பும் வேண்டும் என்பது அட்வெண்டிஸ்ட் திருச்சபைக் கல்வியின் பழைய கொள்கை. அந்த நிறுவனத்தின் ரொட்டி புனே வீடுகளில் பழக்கமானது. ஆக, கையும் புத்தகமும் ஒரே வளாகத்தில் இருப்பது அந்த வட்டாரத்துக்கு அந்நியமான எண்ணம் அல்ல. ஒரு வேறுபாட்டை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். பொம்மை ஆர்வத்தைத் தூண்டும், அரை மணி நேரத்தில் முடியும், உடைந்தால் வருத்தமில்லை. பெட்டி பல வாரங்கள் எடுக்கும், முடித்தாக வேண்டும், பல ஆண்டுகள் நிற்க வேண்டும். குழந்தைக்கு முதலாவது வேண்டும். பதின்மூன்று வயதில் இரண்டாவதும் வேண்டும்.

தமிழ் வாசகரின் முதல் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பது தெரிந்ததே. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கங்களும் அதைக் குலக்கல்வி என்று சரியாகவே அடையாளம் காட்டிப் போராடினார்கள். 1954-இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்தப் போராட்டத்தின் நியாயம் இன்றும் குறையவில்லை. 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் குடும்பம் சார்ந்த மரபுத் தொழில்களையும், 18 வயது நிரம்பியவர்களையும் மையமாகக் கொண்டிருந்ததால்தான் தமிழ்நாடு அதை அப்படியே ஏற்க மறுத்து, 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சாதி, குடும்பம் பாராத கைவினைத் திட்டம் ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தது. பள்ளியில் தச்சு வேலை என்றதும் நமக்குச் சந்தேகம் வருவது நம் வரலாறு தந்த விழிப்பு. அதை யாரும் பழைய கோபம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஆனால் குலக்கல்வித் திட்டத்தில் எது தவறு என்பதைத் துல்லியமாகச் சொல்லிப் பார்த்தால், பெட்டி அதன் நேர் எதிர்ப்புறத்தில் நிற்பது புரியும். அந்தத் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பியது. இது வேலையைப் பள்ளிக்குள் கொண்டுவருகிறது, படிப்பு நேரத்தைக் குறைக்காமல். அது தந்தையின் தொழிலைப் பிள்ளைக்குக் கொடுத்தது. இது தந்தை யார் என்றே கேட்பதில்லை. அது கிராமத்துப் பள்ளிகளுக்கு மட்டும் பொருந்தியது. இதைப் பெருநகரத்தின் கட்டணப் பள்ளியில் தொடங்கச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் தச்சு வேலை, பலுதேதார் எனப்படும் பரம்பரைக் கிராம ஊழியர்களின் பன்னிரண்டு ஊழியங்களில் ஒன்றாகக் குறிப்பிட்ட சாதியின் தலையில் வைக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டிலும் நிலை வேறல்ல. ஒரு தொழிலைச் சாதியிலிருந்து பிரிக்க இரண்டு வழிகள் வேண்டும். அந்தச் சாதியின் பிள்ளை வேறு எதையும் படிக்க முடிய வேண்டும். அதற்காகத்தான் நாம் போராடினோம், பெருமளவு வென்றோம். மற்றச் சாதிகளின் பிள்ளைகள் அந்தத் தொழிலைத் தொட வேண்டும். இந்த இரண்டாவது பாதியை நாம் தொடங்கவே இல்லை. இழைப்புளியைப் பிடித்துக் கை காய்த்த ஒரு மென்பொறியாளரின் மகனுக்கு, வீட்டு அலமாரி செய்ய வரும் தச்சரின் கூலியில் பேரம் பேசக் கை கூசும். அது இரக்கத்தால் வராது, அந்த வேலை எவ்வளவு கடினம் என்று தெரிந்ததால் வரும்.

இந்த இடத்தில் புனேயின் மகனான ஜோதிராவ் புலேயை நினைவுகொள்வது பொருத்தம். 1882-இல் ஹண்டர் கல்வி ஆணையத்துக்கு அவர் அளித்த அறிக்கையில், சூத்திர, ஆதிசூத்திர மக்களின் வரிப்பணம் மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போவதைக் கண்டித்து, எல்லாருக்கும் கட்டாயத் தொடக்கக் கல்வி கேட்டார். கிராமப் பள்ளிகளுக்கு அவர் கேட்ட பாடங்களில் எழுத்தும் கணக்கும் வரலாறும் புவியியலும் இருந்தன. அவற்றோடு வேளாண்மையின் அடிப்படை அறிவும், சுகாதாரமும் இருந்தன. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று பேசிய அவருக்கு, கைவேலை அறிவைப் பாடத்தில் சேர்ப்பது இழிவாகத் தோன்றவில்லை. எழுத்தைப் பறித்துக்கொண்டு ஏரைக் கொடுப்பதைத்தான் அவர் எதிர்த்திருப்பார். இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் அவர்.

அடுத்த எதிர்ப்பு ஆபத்து பற்றியது. உளியும் ரம்பமும் பிள்ளைகள் கையிலா? அச்சம் நியாயமானது, தீர்வும் உண்டு. மின்சார ரம்பம், எந்திர இழைப்பான் எதுவும் இந்தப் பாடத்தில் வேண்டாம். கைக்கருவிகள் மட்டும் போதும். மரத்தைக் கையால் பிடிக்காமல் பட்டறைக் கிடுக்கியில் இறுக்கி வைப்பது, உளியின் முனைக்கு முன்னால் ஒருபோதும் கை வராமல் இரு கையும் பின்னாலிருந்து தள்ளுவது, மழுங்கிய உளியால் வேலையைத் தொடராமல் உடனே அதைத் தீட்டுவது என்ற மூன்று பழக்கங்கள் பெரும்பாலான காயங்களைத் தடுத்துவிடும். மழுங்கிய உளிதான் அதிக ஆபத்து; அதை அழுத்தித் தள்ள வேண்டியிருப்பதால் வழுக்கிப் பாயும். ஓர் ஆசிரியருக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதியாக வேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தை நம்பிக் கொடுக்கும் பள்ளிக்கு இது தாங்காத பொறுப்பு அல்ல.

செலவையும் காட்டையும் பற்றிய கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். மேலே சொன்ன அளவுள்ள பெட்டிக்கு 12 மில்லிமீட்டர் கனப் பலகையில் ஒரு கன அடியில் ஏழில் ஒரு பங்கு மரம் போதும். கழிவைச் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும், நாற்பது பிள்ளைகளுக்கு எட்டு கன அடி. தேக்கு தேவையே இல்லை. ஔந்திலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள பிம்ப்ரி-சின்ச்வட், சாகன் தொழிற்பேட்டைகளுக்கு எந்திரங்கள் பைன் மரப்பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. அந்தப் பலகைகளில் உலகப் பொது முத்திரை ஒன்று இருக்கும். அதில் எச்டி என்றிருந்தால், பூச்சியைக் கொல்ல மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள்; எண்ணெயோ ரசாயனமோ சிந்திக் கறைபடாத பலகைகளாகப் பொறுக்கிப் பயன்படுத்தலாம். எம்பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஏற்றியது. அதைத் தொடக் கூடாது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரியின் ரப்பர் மரமும், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு வரும் இதே பைன் பலகைகளும் கிடைக்கும். கருவிகளை நாலு பிள்ளைக்கு ஒரு தொகுதி என்று வாங்கினால், தீட்டித் தீட்டிப் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

நேரம் இல்லை, தேர்வு இருக்கிறது என்பார்கள். வாரத்துக்குத் தொடர்ச்சியாக இரண்டு பாடவேளை, ஓர் அரையாண்டு போதும். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாத நாட்களாக ஒதுக்கி, தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றவர்களிடம் பிள்ளைகள் பழகட்டும் என்கிறது. அந்தக் கொள்கையை ஏற்பதா மறுப்பதா என்பது வேறு விவாதம். ஆனால் இந்த ஒரு கூறில் என் குறை, அது அதிகம் கேட்கிறது என்பதல்ல. குறைவாகக் கேட்கிறது என்பதுதான். பத்து நாளில் தச்சரை வேடிக்கை பார்க்கலாம், புகைப்படம் எடுக்கலாம். பிழை செய்து, அதை அடுத்த வாரம் கண்டுபிடித்து, பலகையைத் திரும்ப வெட்டி, மூடியைப் பொருத்தி முடிக்க முடியாது. முடிக்காத வேலை எதையும் கற்பிப்பதில்லை.

எந்திரம் எல்லாவற்றையும் செய்யும் காலத்தில் இது எதற்கு என்ற கேள்வியும் உண்டு. பெட்டி கடையில் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. பிள்ளை செய்யும் பெட்டியின் மதிப்பு சந்தையில் இல்லை. இன்று பதின்மூன்று வயதுப் பிள்ளை செய்யும் வேலைகளில் பெரும்பகுதியைத் திரையில் ஒரு பொத்தானை அழுத்தி ரத்து செய்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கட்டுரையையும் வீட்டுப்பாடத்தையும் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கிறது. பிள்ளைக்குப் பதிலாக வேறொருவர் செய்து தந்தால் கண்டுபிடிக்க முடியாத வேலைகளே பள்ளியில் கூடிக்கொண்டிருக்கின்றன. அறுத்த மரத்தை ரத்து செய்ய முடியாது. ஆசிரியரின் கண்முன்னே, வாரம் வாரம், தன் கையால் செய்ததைத் தவிர வேறு எதையும் இங்கே காட்ட முடியாது. தன் முடிவின் விளைவைத் தானே சுமக்கும் அனுபவம் எந்தத் தொழிலுக்குப் போகும் பிள்ளைக்கும் தேவை. நாளைக்கு அறுவை சிகிச்சை நிபுணராகப் போகிறவருக்கும், பாலத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிற பொறியாளருக்கும் அது இன்னும் கூடுதலாகத் தேவை.

என்ன செய்யலாம்? ஔந்த் ஐடிஐ போன்ற நிலையங்களின் பட்டறைகளை அருகிலுள்ள பள்ளிகளுக்குச் சனிக்கிழமைகளில் திறந்துவிட அரசு உத்தரவிடலாம்; அதற்கான கட்டணத்தைத் தனியார் பள்ளிகள் கட்ட வேண்டும், அரசுப் பள்ளிகளுக்கு இலவசம். ஐடிஐ-யில் தச்சுப் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியவர்களுக்கே இடம் உண்டு. அப்படிப் படித்து வந்த இளைஞர்களை ஊதியத்தோடு உதவி ஆசிரியர்களாக நிறுத்தலாம். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு முறையாவது அவர்களை ஐயா என்று அழைத்துச் சந்தேகம் கேட்கட்டும். தமிழ்நாட்டில் 2012-இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரத்துக்காக அவர்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அவர்களில் தொழிற்கல்விப் பிரிவினரிடமிருந்து இந்தப் பணியைத் தொடங்கலாம், முறையான ஊதியத்தோடும் பயிற்சியோடும். செய்த பெட்டியை விற்கக் கூடாது. அது பிள்ளையின் சொத்து, வீட்டுக்குப் போக வேண்டும். மதிப்பெண் வேண்டாம், முடித்தார் அல்லது இன்னும் முடிக்கவில்லை என்ற இரண்டே நிலை போதும், முடிக்காதவருக்கு இன்னொரு பலகை கொடுக்க வேண்டும்.

வரிசை மட்டும் மாறக் கூடாது. நம் நாட்டில் கைவேலைக் கல்வி ஒவ்வொரு முறையும் ஏழையின் பள்ளியில் தொடங்கியது. அதனாலேயே அது தண்டனையாகப் பார்க்கப்பட்டது, தோற்றது. இந்த முறை கட்டணம் அதிகமுள்ள பள்ளியில் முதலில் கட்டாயமாகட்டும். அமைச்சரின் பிள்ளையும் துணைவேந்தரின் பேத்தியும் மென்பொருள் நிறுவன அதிகாரியின் மகனும் முதலில் உளி பிடிக்கட்டும். அவர்களுக்கு வேண்டாம் என்று நாம் விலக்கு அளிக்கும் ஒரு பாடத்தை, வேறு எந்தப் பிள்ளைக்கும் பரிந்துரைக்க நமக்கு உரிமை இல்லை.